எதிர்ப்பக்கம் சுற்றிய காற்றாடிகள்

அரூர்,
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வருடம் உனக்கு எழுதும் எல்லாக் கடிதத்திலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அழகுக்காக ஒரு வரி கூட்ட மாட்டேன். நீ வருத்தப்படுவாய் என்று ஒரு வரி குறைக்கவும் மாட்டேன். நீயும் அப்படியே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் விடுதியில் தரும் ஐந்து நிமிட போனில் நாலரை நிமிடத்தை அப்பாவே பேசிவிடுகிறார். எனக்குக் கிடைப்பது "சாப்ட்டியா?" மட்டும்தான்.

இங்கே அப்பா, அம்மா, நான், சினை ஆடு எல்லோரும் சுகம். உன் தொண்டைக் கட்டு சரியாயிற்றா?

ஆடி வரப்போகிறது. வாசல் நிலைக்கு மேலே காற்றாடிச் சரம் கட்ட வேண்டும். வழக்கம்போல் இருபத்து நான்கு: என் பங்கு பன்னிரண்டு, உன் பங்கு பன்னிரண்டு. உசேன் அண்ணன் கடையில் மஞ்சளும் ஊதாவும் வாங்கிவிட்டேன். கடையில் அவர் மகள் அன்ஜும் இருந்தாள். "உங்க வூட்டுக் காத்தாடி மட்டும் ஏன்டி ரிவர்ஸ் கியர்ல ஓடுது?" என்று இந்த வருடமும் கேட்டாள். "எங்கக்கா இடது கைக்காரி. அவதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா" என்றேன். "நீ வலது கைக்காரிதானடி?" என்றாள். நீ மடித்ததைப் பார்த்தே மடித்துப் பழகிவிட்டேன்.

பதில் எழுது.

அன்புத் தங்கை,
அமுதவல்லி

●

விடுதி, அறை 14, சேலம்,
10.7.2025

என் அமுதாவுக்கு,

தொண்டை சரியாகிவிட்டது. பசி மட்டும் சரியாகவில்லை.

உண்மையை மட்டும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். இங்கே இட்லியைக் கீழே போட்டால் இட்லிக்கு ஒன்றும் ஆகாது, தரைக்குத்தான் ஆபத்து. ஞாயிறு தோறும் இரண்டு அறைக்காரர்கள் சாப்பாடு பரிமாற வேண்டும். எங்கள் முறை ஆடிப் பதினெட்டு அன்று வருகிறது. அன்றைக்குப் பாயசம் உண்டாம், அதனால் எல்லோருக்கும் எங்கள் மேல் பொறாமை.

என் அறையில் கவிப்பிரியா என்று ஒருத்தி. ஒகேனக்கல் பக்கம் ஊட்டமலை. அவள் அப்பா பரிசல் ஓட்டுகிறார். ஊட்டமலையில் இறங்கி "பரிசல்காரர் சென்றாயன் வீடு" என்றால் மீன்கூட வழி சொல்லுமாம். நிறையப் பேசுவாள். நல்லவள்.

என் பன்னிரண்டும் இத்துடன் வருகிறது. இங்கே குண்டூசி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அதனால் மடித்து, நடுவில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, வேதியியல் புத்தகத்துக்குள் அழுத்தி வைத்தேன். நீ பிரித்து ஊசி குத்திக்கொள். கடித உறைக்கும் சோறுதான் பசை.

அப்பாவிடம் நான் நன்றாகப் படிக்கிறேன் என்று சொல். பஸ் ஏற்றும்போது "சின்னக் கீறல் வுழுந்தாலும் கூட்டியாந்துருவன், படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொன்னாரே, அதை நினைத்தால் கொசுக்கடியைக்கூட மறைக்கத் தோன்றுகிறது.

அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

உன் அக்கா,
கோகிலவாணி

●

அரூர்,
24.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மாவின் முட்டி தேவலாம். ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

ஆடி முழுக்கச் சரம் நன்றாகச் சுற்றியது. ஆடிப் பதினெட்டு அன்று அடித்த காற்றில் இருபத்து நான்கும் ஒரே சமயத்தில் சுழன்றன. அந்த வழியாகப் போன கதிரவன் மாமா வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, "பறக்கப் போவுதுடா மாதேசா உன் வூடு" என்று அப்பாவைக் கிண்டல் செய்தார். இதை இரண்டு முறை உனக்கு எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. ஆறு வாரம் ஆகிறது.

போனில் உன் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்பா சொல்கிறார். ஆனால் நான் வாங்கியதும் "வைக்கணும், பின்னாடி வரிசை நிக்குது" என்கிறாய். மூன்று ஞாயிறும் அதே வாக்கியம். நான் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு வண்ணக் காகிதத்தில் குடை செய்கிறேன். உன் கைக்கு மட்டும் வரும் அந்த ஓர வளைவு எனக்கு வரவில்லை.

தீபாவளிக்குப் புதுச்சரம். உன் பங்கு சிவப்பு. காகிதம் இத்துடன் இருக்கிறது.

அன்புடன்,
அமுதவல்லி

●

விடுதி,
7.9.2025

அமுதாவுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமா?

படிப்பு அதிகம், அதனால்தான் எழுதவில்லை. காலாண்டு விடுமுறைக்கு வர முடியாது. சிறப்பு வகுப்பு இருக்கிறது.

ஒரு உதவி. காற்றாடி செய்யும் விதத்தை முதலிலிருந்து படிப்படியாக எழுதி அனுப்பு. அறையில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நான் சொன்னால் இடவலம் குழம்புகிறது. வலது கைக்காரிக்குப் புரியும்படி எழுது.

குட்டிகளுக்குப் பெயர் வைத்தாயா?

கோகிலவாணி

●

அரூர்,
14.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குட்டிகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, நீ வைப்பாய் என்று காத்திருந்தேன்.

முதலில் நீ கேட்டதை எழுதுகிறேன். அன்ஜுமை உட்கார வைத்து, அவளைச் செய்யச் சொல்லி, அவள் கையைப் பார்த்து எழுதினேன்.

ஒரு சாண் அகலத்தில் சதுரமாகக் காகிதம் வெட்டிக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் மடித்துப் பிரித்தால் நடுவில் பெருக்கல் குறி தெரியும். நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்து வட்டம் போட வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் மடிப்புக் கோட்டின் மேலேயே வட்டம் வரை வெட்ட வேண்டும், வட்டத்துக்குள் கத்தரி போகக் கூடாது. இப்போது ஒவ்வொரு மூலையும் இரண்டு முனையாகப் பிரிந்திருக்கும். மூலையைத் தன்னைப் பார்த்தாற்போல் வைத்துக்கொண்டு, வலது முனையை மட்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அழுத்தி மடிக்கக் கூடாது, வயிறு உப்பினாற்போல் இருக்க வேண்டும். இடது கையால் நடுவைப் பிடித்துக்கொண்டு, காகிதத்தைத் திருப்பித் திருப்பி மற்ற மூன்று வலது முனைகளையும் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இனி என் கேள்விகள். உன் கடிதத்தில் வரிகள் வலப்பக்கம் போகப் போக மேலே ஏறுகின்றன. அழகான கையெழுத்து என்று பரிசு வாங்கியவள் நீ. படுத்துக்கொண்டு எழுதினாயா? பிறகு, உறையின் வாயில் கீழே சோற்றுப் பருக்கை, அதன் மேல் கோந்து. ஒட்டிய உறையை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். யார்? குட்டிகளின் பெயரைக் கேட்கிற நீ அம்மாவின் முட்டியைக் கேட்கவில்லை. ஏன்?

பதிலை எதிர்பார்க்கும்,
அமுதவல்லி

●

விடுதி,
28.9.2025

அமுதாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முட்டியை மறக்கவில்லை.

கடிதங்களை வார்டன் அம்மா படித்துவிட்டுத்தான் அனுப்புவார். எல்லா விடுதியிலும் அப்படித்தான். அவசரமாக எழுதுவதால் வரி கோணுகிறது.

சிவப்புக் காற்றாடிகள் பன்னிரண்டும் இத்துடன் வருகின்றன. நானே செய்தேன்.

கோகிலவாணி

●

அரூர்,
5.10.2025

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

சரத்தைத் தீபாவளிக்கு முன்பே கட்டிப் பார்த்தேன். என் மஞ்சள் பன்னிரண்டையும் உன் சிவப்பு பன்னிரண்டையும் ஒன்று விட்டு ஒன்று குத்தினேன். மாலைக் காற்று வந்தது. மஞ்சள் எல்லாம் ஒரு பக்கம் சுற்றின, சிவப்பு எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றின. பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா உள்ளே போய்விட்டார். அன்ஜும் வந்து கைதட்டினாள். "பாதியாச்சும் ஒருவழியா நேரா ஓட ஆரம்பிச்சிருச்சுடி!" என்றாள்.

ஒரு சிவப்பைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வலது முனை மடிக்கப்பட்டிருக்கிறது. நீ பேனா பிடிப்பது மட்டும்தான் வலது கையில், அதுவும் ஒன்றாம் வகுப்பு டீச்சர் அடித்ததால். கத்தரி, கரண்டி, காகிதம் எல்லாம் இடது கை. நீ வலது முனையை மடித்து நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

நான் எழுதிய பாடத்தைப் படித்து அந்தக் கவிப்பிரியா செய்தவை இவை. நம் இரண்டு பேருடைய வேலையை யாரோ ஒருத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு "நானே செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு இப்போது அவள்தான் தங்கை போலிருக்கிறது. நேரமில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நானே இருபத்து நான்கும் செய்திருப்பேன்.

அமுதவல்லி

●

விடுதி,
12.10.2025

அமுதாவுக்கு,

நலம். சண்டை வேண்டாம். தீபாவளிக்கு வர முடியாது. அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோகிலவாணி

●

அரூர்,
16.10.2025

மதிப்புக்குரிய கவிப்பிரியா அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு ஊருக்கு வந்திருப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கையில், உறைமேல் பரிசல்காரர் சென்றாயன் வீடு என்று மட்டும் போட்டு அனுப்புகிறேன். நான் கோகிலவாணியின் தங்கை.

விடுதிக்கு எழுதினால் வார்டன் அம்மா படிப்பார். அதனால்தான் இப்படி.

பன்னிரண்டாம் தேதி அக்கா எழுதிய கடிதத்தில் வரிகள் கொஞ்சம்தான். ஆனால் அவ்வளவும் மேலே ஏறியிருந்தன. நான்காவது வரியில் காகிதமே நகர்ந்து பேனா கோடு இழுத்திருந்தது. அவள் ஆடிக்கு முன் எழுதிய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் கோடு போட்டாற்போல் நேராக இருந்தது. அவசரத்தில் எழுதினால் எழுத்து கோணும், காகிதம் ஏன் நகரும் என்று யோசித்தேன்.

இன்று பள்ளியிலிருந்து வந்ததும் என் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பதினொரு வரி எழுதிப் பார்த்தேன். காகிதத்தைப் பிடிக்க ஆள் இல்லாததால் அது திரும்பிக்கொண்டே போயிற்று. வரிகள் மேலே ஏறின. கடைசி மூன்று கடிதத்தில் இருந்த என் அக்காவின் கையெழுத்து மாதிரியே இருந்தது.

உங்களைப் பற்றி அக்காவுக்குக் கெட்டதாக எழுதிவிட்டேன். அதை நீங்கள் படித்திருந்தால் என்னைத் திட்டுங்கள், ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லுங்கள். என் அக்காவின் இடது கைக்கு என்ன ஆயிற்று?

பணிவுடன்,
மா. அமுதவல்லி

●

ஊட்டமலை,
22.10.2025

தங்கை அமுதாவுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. அப்பாவுக்கு யார் கடிதம் போட்டார்கள் என்று தெருவே கூடிவிட்டது. நாங்கள் எல்லோரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கோகிலாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். நீயே கண்டுபிடித்துக் கேட்டதால் பாதிச் சத்தியம் போயிற்று. மீதியை நான் உடைக்கிறேன்.

ஆடிப் பதினெட்டு அன்று நாங்கள் பரிமாறினோம். பாயச அண்டாவின் ஒரு காதை நானும் மறு காதை அவளும் பிடித்தோம். தரை ஈரம். நான் வழுக்கினேன். அண்டா அவள் பக்கம் சாய்ந்தது, அவள் இடது கையால் தடுத்தாள். சாம்பாராக இருந்தால் ஓடியிருக்கும். பாயசம் விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு வெந்தது.

வார்டன் அம்மா மருந்து தடவித் துணி சுற்றினார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. "வூட்டுக்குத் தெரிஞ்சா உங்கப்பா நாளைக்கே டிசி வாங்கிருவாரு. அப்பறம் உன் பன்னெண்டாவது என்னாவறது? யோசிச்சுக்க" என்றார். கோகிலா யோசித்தாள். உன் அப்பா பஸ் ஸ்டாண்டில் சொன்னதை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

புண் ஆறிவிட்டது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, உள்ளங்கையைப் பார்த்து மடங்கி நின்றுவிட்டன. விரிக்க வரவில்லை. வாரத்துக்கு வாரம் இன்னும் மடங்குகிறது. இதை வார்டன் அம்மாவிடம் சொன்னேன். "படிப்பப் பாரு" என்றார்.

காற்றாடிகள் நான் செய்தவை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தாள், நான் மடித்தேன். அவற்றைக் காற்றில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக் காற்றாடி எதிர்ப்பக்கம் சுற்றும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

உன் கோபக் கடிதத்தை அவள் படித்துவிட்டு, "நல்லவேள, இவ உன்னச் சந்தேகப்படறா, என்னப் பாக்கல" என்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

என் பெயரைச் சொல்லாதே. நான் இன்னும் அங்கேதான் படிக்க வேண்டும். ஆனால் சீக்கிரம் ஏதாவது செய்.

கவிப்பிரியா

●

சேலம், ஆஸ்பத்திரி,
9.11.2025

அன்புள்ள கவிப்பிரியா அக்காவுக்கு,

இதையும் ஊட்டமலைக்கே அனுப்புகிறேன். கார்த்திகைத் தீபத்துக்கு வரும்போது படியுங்கள். நலமாக இருக்கிறீர்களா? அங்கே உங்களை யாரும் சந்தேகப்படவில்லையே?

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று கடிதத்தை உரக்கப் படித்தேன். உங்கள் பெயர் இருந்த கடைசிப் பகுதியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, "கூடப் படிக்கற அக்கா ஒருத்தங்க" என்று மட்டும் சொன்னேன். மறைத்தது அது ஒன்றுதான். அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எந்தக் கையி?" என்று கேட்டார். "இடது" என்றேன். அங்கிருந்து நேரே சேலம் பஸ் ஏறினார். என்னையும் கூட்டிப்போனார்.

அக்காவைப் பார்வையாளர் அறைக்கு அழைத்து வந்தபோது, அவள் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

"காட்டு" என்றார் அப்பா. காட்டினாள். அவர் அந்தக் கையை வாங்கி, வெயில் படும் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் ஒரு தாளை நீட்டி, மாணவியின் கவனக்குறைவால் நடந்தது என்று கையெழுத்துப் போடச் சொன்னார். "நான் அவ்வளவா படிக்காதவனுங்க. எம்புள்ள படிச்சுச் சொல்லட்டும்" என்று தாளை அக்காவிடம் கொடுத்தார் அப்பா. அக்கா படித்தாள். "பொய்ங்கப்பா" என்றாள். அப்பா தாளை மேசைமேல் வைத்து, அது பறக்காமல் இருக்க அவர்களுடைய கண்ணாடிக் குண்டையே மேலே வைத்துவிட்டு, எங்களை வெளியே கூட்டி வந்தார்.

வாசலில் அக்கா நின்றுவிட்டாள். "டிசி வாங்கப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள். அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அங்கிருந்த நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்காடி மறச்ச? ஏதோ பஸ் ஏத்தற வருத்தத்துல சொன்னன்டி அத. எழுதறது சோத்துக்கைதான? பரீட்சைக்கு நானே தெனம் கூட்டியாந்து வாசல்ல உக்காந்துருக்கறன். எந்தப் பய தடுக்கறான்னு பாக்கறன்" என்றார். அப்போதுதான் அக்கா அழுதாள். கையைக் காட்டியபோது அழவில்லை.

நாலாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. விரல்களைப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். மோதிர விரல் முழுக்க நிமிர்ந்துவிடும். சுண்டு விரல் பாதிதான் நிமிரும். "மொதல் மாசத்துலயே கூட்டியாந்திருந்தா கத்தி வைக்காமயே சரி பண்ணிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் கணக்குங்க இதுல" என்றார் டாக்டர். வார்டன் அம்மாவுக்கு எத்தனை வாரம், அக்காவுக்கு எத்தனை வாரம் என்று எனக்குத் தெரியாது. சிவப்புக் காற்றாடிகள் எதிர்ப்பக்கம் சுற்றியதிலிருந்து உங்கள் கடிதம் வரும் வரை மூன்று வாரம். அவை என்னுடையவை. அக்காவைப் பற்றி நினைக்க வேண்டிய நேரத்தில், அவள் யாரை என்னைவிட அதிகம் விரும்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "சின்னப் புள்ள, உனக்கென்ன தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்திருந்தது. சந்தேகம்தான் தப்பான ஆள்மேல் போயிற்று.

அன்று பார்வையாளர் அறையில் பார்த்ததிலிருந்து அக்கா என்னுடன் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பாள். அம்மா இல்லையென்றால் தாகத்தோடு இருப்பாள். இன்று மாலை அம்மா சாப்பாடு வாங்கப் போயிருந்தார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே, "கைய முதுகுக்குப் பின்னாடி வச்சுகிட்டு எழுதிப் பாத்தியாமே, அம்மா சொன்னாங்க. எத்தன வரி?" என்றாள்.

"பதினொண்ணு."

"நான் மூணு மாசம்டி" என்றாள்.

பிறகு நான் இந்தக் கடிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பாதியில் அவள் தலையை மட்டும் திருப்பி, "யாருக்கு? கவிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாயசத்துக்கு அவ காரணமில்லன்னு எழுது. தரை ஈரம். அத நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாள். எழுதிவிட்டேன். நம்புங்கள்.

"கீழ என் பேரையும் போடு" என்றாள். "முன்னாடி என் பேரு. நான்தான் பெரியவ."

அன்புடன்,
கோகிலவாணி
அமுதவல்லி

இன்னும் ஒரு பக்கம் எழுத இருந்தது. வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.